பொன்னியக்காவும் என் கட்டைவிரலும்

பொன்னியக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, பாவம் சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். முதல் தடவை வேண்டுமானால் தெரியாமல் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் நன்றாகத் தெரிந்து, யோசித்து, வாயை மூடிக்கொண்டு செய்தது.

என் பெயர் மேரிசெல்வி. ஊர் பொம்மையார்பாளையம். அப்பா ஆரோவில்லில் ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார், அம்மா அங்கேயே ஊதுபத்தி வேலைக்குப் போகிறாள். நான் புதுச்சேரியில் பி.பி.ஏ. படித்தேன். எங்கள் படிப்பில் கடைசி வருடம் முழுக்க ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனி 'திருப்தி' என்று எழுதிக் கொடுத்தால்தான் டிகிரி, இல்லாவிட்டால் படித்ததெல்லாம் கோவிந்தா. கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்குப் பாண்டியில் ஏசி ஆபீஸ் கிடைத்தது. எனக்கு மரக்காணத்தில், பெண்கள் குழுவுக்குக் கடன் கொடுக்கும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. அதன் பெயர் இங்கே வேண்டாம். மாதம் ஒன்பதாயிரம் ரூபாய், கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை. எங்கள் வீட்டில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். பஸ்ஸில் போகும்போதுகூட அதைத் துப்பட்டாவுக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று. இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

ஏப்ரல் மாதம் சேர்ந்தேன். எனக்கு மேலே பிரபாகரன் சார். வசூல் அதிகாரி. பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொரு குழுவாகக் காட்டினார். செவ்வாய்க்கிழமை குழு உப்பளத்துப் பெண்களுடையது. மற்றக் குழுக்கள் காலையில் கூடும். இவர்கள் விடிவதற்கு முன்பே அளத்தில் இறங்கிவிடுவதால் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் கூடுவார்கள். லாரி எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. பத்துப் பெண்கள், புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, முழங்கால்வரை வெள்ளையாகக் காய்ந்துபோன உப்பு. அவர்களுக்குத் தலைவி பொன்னியக்கா.

பொன்னியக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பிறந்த ஊர் இரும்பை. பதினெட்டு வயதில் அய்யனார் என்ற லோடுமேனுக்குக் கட்டிக்கொடுத்து மரக்காணத்துக்கு அனுப்பினார்கள். வந்த மூன்றாம் மாதமே அளத்தில் இறங்கியவள், முப்பது வருடமாக ஏறவில்லை. பாத்தியில் உப்பு வாருவது, கூடையில் சுமந்து கொண்டுபோய்க் குவிப்பது, இதுதான் வேலை. அய்யனார் ஒருநாள் உப்பு லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு குவியலுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வாய் மட்டும் ஊருக்கே பெரிய வாய். "உப்பிட்டவர நெனைக்கணும்னு சொல்றாங்க. உப்ப எடுத்துக் குடுத்தவள எவன் நெனைக்கிறான்?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டாள். நான் சிரித்தேன்.

அவளுக்கு இரண்டு பெருமை. ஒன்று, நாலு வருடத்தில் அவள் குழுவில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. அப்போதும் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, இவளிடம் வாங்கி அவளுக்குப் போட்டு, எப்படியாவது கட்டிவிடுவாள். இரண்டாவது பெருமை அவள் கையெழுத்து. ஐந்தாவதுவரை படித்தவள். 'அ.பொன்னி' என்று வலப்பக்கம் சாய்த்து, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி வைத்து எழுதுவாள். "நான் ஒண்ணும் கைநாட்டு இல்ல" என்று எல்லாரிடமும் சொல்வாள். எழுதப் படிக்கத் தெரியாதவளைத்தானே கைநாட்டு என்பார்கள். அந்தக் குழுவில் ஏழு பேர் கைநாட்டுதான், அவர்களும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

கூட்டம் ஆரம்பிக்கும்போது எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். சொல்லிக் கொடுக்கிற வேலை எனக்கு. 'எங்களில் ஒருவர் தவறினால் அனைவரும் பொறுப்பேற்போம்' என்று நான் கணீரென்று சொல்ல, பின்னாலேயே பத்துப் பேரும் சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் பொன்னியக்கா தூக்குவாளியைத் திறந்து, "சாப்ட்டியா செல்வி?" என்பாள். கருவாட்டுக் குழம்பும் சோறும் இருக்கும். அவள் சோற்றில் பாதியை ஒவ்வொரு செவ்வாயும் நான் சாப்பிட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூன் மாதம் கம்பெனி புது மெஷின் கொடுத்தது. உள்ளங்கை அளவு இருக்கும், நடுவில் விரல் வைக்கக் கண்ணாடி. இனிமேல் கையெழுத்து கிடையாது, எல்லாருடைய ரேகையையும் பதிய வேண்டும், தலைவி விரல் வைத்தால்தான் அன்றைய வசூல் கணக்கு மூடும் என்றார்கள். அன்றைக்குப் பிரபாகரன் சார் வேறு குழுவுக்குப் போய்விட்டார். நான் தனியாக மெஷினை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

உப்பள வேலை செய்கிறவர்களின் விரலை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஜூன் மாதம் உப்பு நன்றாக விளைகிற சமயம். ரேகை எல்லாம் தேய்ந்து, விரல் நுனி தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். ஒன்பது பேருக்கும் கட்டைவிரல் எடுக்காவிட்டால் மோதிர விரல், அதுவும் இல்லாவிட்டால் இடது கைச் சுண்டு விரல் என்று எப்படியோ ஒரு விரல் எடுத்தது. பதிந்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சமையலுக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் பொன்னியக்காவும் நானும் மட்டும். அவள் பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். புடவையில் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, திரும்பத் துடைத்து வைத்தோம். பத்துக்கும் சிவப்பு விளக்குதான்.

ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். பத்து நாள் தண்ணீர் படாமல் ஓய்வில் இருக்கச் சொல்லி மறுபடி முயற்சி செய்யுங்கள் என்றார்கள். பத்து நாள் கூலி இல்லாமல் உட்கார்ந்தால் அவள் என்ன சாப்பிடுவாள்? தலைவி விரல் இல்லாவிட்டால் அன்றைக்குப் பத்துப் பேர் கட்டிய பணமும் கணக்கில் ஏறாது, குழு முழுவதும் தவணை தவறியதாகக் காட்டும். ஒன்றே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது எனக்கு மூன்று மணிக்குத்தான்.

"அக்கா, நான் என் விரல வச்சுடறேன். மழை வந்து உங்க ரேகை திரும்பினதும் மாத்திக்கலாம்," என்றேன்.

பொன்னியக்கா யோசித்தாள். "தப்பு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. சும்மா அட்டெண்டன்ஸ் மாதிரிதான்."

"படிச்ச பொண்ணு சொல்ற. சரி, வை."

பச்சை விளக்கு எரிந்தது. 'பொன்னி, கணவர் பெயர் அய்யனார், பதிவு முடிந்தது' என்று எழுத்து வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு எனக்கு இரண்டு துண்டு கருவாடு கூடவே வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் மெஷின் என் கையில்தான் இருக்கும். பொன்னியக்கா விரலை நீட்டுவதுபோல நீட்டுவாள், நான் என் கட்டைவிரலை அமுக்கிவிடுவேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பிரபாகரன் சாருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் பைக்கில் போகும்போது, "உன் விரல் ரொம்ப உழைக்குதும்மா," என்று சிரித்தார். அதோடு தவணைக் கணக்குப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்பாடா, நல்ல மனுஷன், காட்டிக்கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன். என்னைப்போல அசடு உண்டா?

அக்டோபரில் முதல் மழை விழுந்து அளங்களில் வேலை நின்றது. எங்கள் ஆபீசில் அந்த மாதம் பொருள் கடனுக்கு இலக்கு வைத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜ், கிரைண்டர் மாதிரி ஏதாவது ஒரு பொருளுக்குக் கடன். பணம் நேராகப் பிரபாகரன் சாருக்கு வேண்டிய ஒரு கடைக்காரருக்குப் போய்விடும், பெண்கள் வாரா வாரம் கட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரபாகரன் சார் மெஷினை என் மேஜைமேல் வைத்து, பொன்னிக்கு ஒரு ஃப்ரிட்ஜ் லோன், விரலை வை என்றார். அக்கா கேட்டாங்களா சார் என்று கேட்டேன். கேட்டாங்க, கேட்டாங்க, டைம் ஆகுது என்றார்.

பொன்னியக்கா வீட்டை எனக்குத் தெரியும். ஓட்டு வீடு. மழை பெய்தால் சுவிட்ச் போர்டு ஷாக் அடிக்கிறது என்று மெயினையே அணைத்துவிடுவார்கள். அவளுக்கு எதற்கு ஃப்ரிட்ஜ்? இந்தக் கேள்வி எனக்கு அப்போதே வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சான்றிதழில் மார்க் போடப் போகிறவர் எதிரில் நிற்கிறார். விரலை வைத்தேன், பச்சை எரிந்தது.

நவம்பர் முதல் செவ்வாய் அவள் பெயருக்கு நேரே ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வந்தது. ஒன்றரை வருடத்துக்கு வாரம் ஐந்நூறு. எதுக்கு என்று கேட்டாள். ஃப்ரிட்ஜுக்கு என்று வாசித்தேன். கொட்டகையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். "எந்த ஃப்ரிட்ஜு? கருவாட்ட அதுக்குள்ள வைக்கவா?" என்று அவளும் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே ஆபீசுக்கு வந்து, தான் எந்தக் கடனும் கேட்கவில்லை, ஃப்ரிட்ஜும் வரவில்லை என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தாள், கீழே அந்தச் சாய்ந்த கையெழுத்து. இரண்டு வாரத்தில் மண்டல அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வைஜெயந்தி மேடம் வந்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இப்போது சாக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். நல்லவர். பொன்னியக்காவுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கி வரச் சொல்லி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிரபாகரன் சார் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: தலைவி விரல் வைத்துத்தான் லோன் போனது, கடைக்காரர் பொருள் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறது, இந்த அம்மா ஃப்ரிட்ஜை விற்றுத் தின்றுவிட்டு நாடகம் ஆடுகிறது.

பொன்னியக்கா எழுந்துவிட்டாள். "உப்பத் துன்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும் சார். எங்கூட்ல ஃப்ரிட்ஜு வந்திருந்தா தெருவே வந்து பாத்திருக்கும்," என்றாள். அப்புறம் மேடத்திடம் வலது கையை நீட்டினாள். "மேடம், என் விரல நல்லா பாருங்க. மழை ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆவுது. ரேகை வந்துடுச்சு. இப்ப அந்த மெஷின்ல வச்சுப் பாருங்க. அது என் விரலா இல்லியான்னு அதே சொல்லட்டும்."

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கட்டைவிரலில் மெல்லிசாகக் கோடுகள் வந்திருந்தன. வருடத்தில் மூன்று மாதம் மட்டும் அவளுக்கு வருகிற கோடுகள். முந்தின வாரம் கொட்டகையில் எல்லாரிடமும் அதைக் காட்டிச் சந்தோஷப்பட்டவள். இதை வைத்து அவள் ஜெயித்துவிடுவாள் என்று எனக்குப் புரிந்தது. ஜெயித்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் அது யாருடைய விரல்?

வைத்தாள். சிவப்பு. 'பொருந்தவில்லை.'

மேடம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேரிசெல்வி, நீதானே அந்தக் குழுவுக்கு மெஷின் கொண்டு போற. வாரா வாரம் இவங்க விரல் எடுத்திருக்கு. இப்ப எடுக்கல. ஏன்? உனக்கு என்ன தெரியும், பயப்படாம சொல்லு."

பயப்படாமல் சொல்லு என்றார். அதைவிட ஒருவர் எப்படிக் கேட்க முடியும்? பொன்னியக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரபாகரன் சார் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். சான்றிதழுக்கு இன்னும் நாலு மாதம். அப்பா என் அடையாள அட்டையை ஆரோவில்லில் எல்லாரிடமும் போனில் போட்டோவாகக் காட்டியிருந்தார்.

"உப்பளத்துல வேலை செய்றவங்களுக்கு ரேகை சரியா விழாது மேடம். ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது," என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இந்த உண்மையைக் கொண்டுதான் அவள் வாயை அடைத்தேன். மேடம் தலையாட்டி எழுதிக்கொண்டார். கடன் செல்லும் என்று தீர்ந்தது. பொய்ப் புகார் கொடுத்ததற்காகப் பொன்னியக்காவைத் தலைவி பதவியிலிருந்து எடுத்துவிட்டு அமுதவல்லி என்ற பெண்ணைப் போட்டார்கள். நான்கு வருடம் ஒரு தவணை தவறாத குழுவுக்குத் தலைவியாக இருந்தவள், என் விரலால் திருடி ஆனாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

அன்று சாயங்காலம் பிரபாகரன் சார் எனக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அதற்குப் பிறகு மார்ச் கடைசிவரை ஒவ்வொரு செவ்வாயும் நான் அந்தக் கொட்டகைக்குப் போக வேண்டியிருந்தது. பொறுப்பேற்போம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் சொல்வேன், பின்னாலேயே எல்லாரும் சொல்வார்கள், பொன்னியக்கா மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அவள் முறை வரும்போது ஐந்நூறு ரூபாயை என் கையில் படாமல் மேஜைமேல் வைப்பாள். மழைக்கால நிவாரணம் என்று அரசாங்கம் உப்பளத்துக்காரர்களுக்குக் கொடுக்கிற பணம் வந்தது, அதுவும் இதற்கே போனது. கூட்டம் முடிந்தால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சாப்ட்டியா என்று அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஆனால் நான் எதற்கு லாயக்கு? ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பஸ் ஏறிப் பொம்மையார்பாளையத்தில் இறங்குவதற்குள் அந்த எண்ணம் போய்விடும்.

சான்றிதழ் வந்தது. 'மிகச் சிறப்பு. களத்தைப் பற்றிய அறிவு பாராட்டத்தக்கது' என்று எழுதியிருந்தார்கள். அம்மா அதை ஃப்ரேம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டினாள். அதைக் காட்டித்தான் பாண்டியில் ஒரு நகைக்கடன் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு வருடம் மாதா முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் ஜெபம் சொன்னேன். சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தனியாக வைத்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கால் வரவில்லை.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் பொன்னியக்கா நிற்கிறாள். அம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் தெருப்பக்கம் தள்ளிப்போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"கடைசித் தவணையும் கட்டிட்டேன். முடிச்சதுக்குச் சீட்டு குடுக்கணும்னா விரல் வைக்கணுமாம். பழைய ரேகை ஒத்துப் போனாத்தான் குடுப்பாங்களாம். அந்தச் சீட்டு இல்லன்னா குழுல மத்த ஒம்பது பேருக்கும் புது லோன் இல்லியாம். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றாள். பிறகு, "மெஷினு என் கைய எடுக்கல. நாளைக்கி உன் கைய எடுத்துகினு வா," என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சேர்த்து வைத்திருந்த பணத்தையும் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஆபீசில் அதே மேனேஜர்தான். பிரபாகரன் சாருக்குப் பதவி உயர்வு, வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். மெஷினை வைத்துக்கொண்டு இந்த வருடத்துப் பயிற்சிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் புது அட்டை. நான் கையை நீட்டியதும், நீங்க தள்ளுங்க, அவங்க விரல்தான் வைக்கணும் என்றாள்.

"இது என் விரல்தான்," என்றேன். ஆபீசில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பொன்னியக்கா பேர்ல ஆரம்பத்துல பதிஞ்சதும் என் விரல். ஃப்ரிட்ஜு லோனுக்கு வச்சதும் என் விரல். பிரபாகரன் சார் வைக்கச் சொன்னாரு, வச்சேன். அவங்க திருடல." சொல்லிவிட்டு அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. பொன்னி, கணவர் பெயர் அய்யனார் என்று எழுத்து வந்தது.

போலீஸ் வரும், டிகிரி போகும், வேலை போகும் என்று ராத்திரி முழுக்கத் தயாராகி வந்திருந்தேன். மேனேஜர் எழுந்து வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். லோன்தான் முடிஞ்சிருச்சே, இனி எதுக்கு இந்தப் பேச்சு, வெளியில் சொன்னால் முதலில் மாட்டுவது நீதான் என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, சீட்டைப் பிரிண்ட் எடும்மா என்றார். ஐந்து நிமிடத்தில் எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் பொன்னியக்கா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

"எவ்ளோ சுளுவா சொல்லிட்ட பாரு," என்றாள். "ஒரு நிமிஷம்கூட ஆவல."

நான் அழுதேன். நான் அழுது முடிக்கட்டும் என்று அவள் நின்றாள், தொடவில்லை. அன்றைக்கே நீங்கள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? மெஷினு ஒண்ணு சொல்லுது, படிச்ச பொண்ணு ஒண்ணு சொல்லுது. நீ சொன்னாத்தான் எடுபடும். அதுக்குத்தான் உன் மூஞ்சியவே பாத்துகினு நின்னேன்."

கவரை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்திருந்தேன்போல. அதற்கும் வெட்கப்படுகிறேன். அவள் வாங்கி, எண்ணிப் பார்த்தாள்.

"இருபதாயிரம் இருக்குது. நான் கட்டினது முப்பத்தொம்பது. மீதி?"

மாதாமாதம் தருகிறேன் என்றேன். "மாசக் கணக்கு வேணாம். நான் எப்படிக் கட்டினனோ அப்படிக் கட்டு. வாரம் ஐநூறு. நாயித்துக்கெழம எங்கூட்டுக்கு வந்து குடு," என்றாள்.

அடுத்த ஞாயிறு போனேன். அய்யனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். பொன்னியக்கா உள்ளேயிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டையும் ஒரு நீல மை ஸ்டாம்ப் பேடையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். ஸ்டாம்ப் பேடு புதுசு, மேலே கடை விலை ஒட்டியிருந்தது. எனக்காகவே வாங்கியிருக்கிறாள். நான் ஐந்நூறைக் கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்து நோட்டில் கையெழுத்துப் போடப் போனேன். அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கையெழுத்து நான் போட்டுக்கறேன். நீ விரல வை."

வைத்தேன். மெஷின் மாதிரி இல்லை, காகிதத்தில் என் ரேகை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் தேதி போட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுத்துக் கூட்டி எழுதி, கீழே அ.பொன்னி என்று வலப்பக்கம் சாய்த்துக் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்துக்குச் சுழியும் வைத்தாள்.

இதுவரை பதினேழு ஞாயிறு போயிருக்கிறேன். இன்னும் இருபத்தொன்று பாக்கி. வீட்டில் அம்மா விரலைப் பார்த்து என்னடி மை என்று கேட்கிறாள், ஆபீஸ் வேலை என்று சொல்லிச் சமாளிக்கிறேன். சான்றிதழ் இன்னும் மாதா படத்துக்குக் கீழேதான் தொங்குகிறது. போன வாரம் நோட்டை மூடிவிட்டு எழுந்தபோது பொன்னியக்கா அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, சாப்ட்டியா என்று யாரையோ கேட்டாள். சட்டென்று திரும்பினேன். பூனையிடம் கேட்டிருக்கிறாள்.